பாராமகால் கதை – 7: கச்சேரி வந்த ஊர்

சென்ற இதழை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் நிறுத்தியிருந்தோம். 1792 பிப்ரவரியில் திப்பு சுல்தானின் இரண்டு பிள்ளைகளும் பிணையாகக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸின் பாசறைக்கு வந்து சேர்ந்தார்கள். மார்ச்சில் உடன்படிக்கை கையெழுத்தானது. பாதி ராஜ்யமும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயும் திப்புவின் கையைவிட்டுப் போயின. அந்தப் பாதியைக் கம்பெனியும் நிஜாமும் மராட்டியரும் கூறுபோட்டுக்கொண்டபோது கம்பெனிக்கு விழுந்தவை மலபார், குடகு, திண்டுக்கல், சேலம், பிறகு தருமபுரியையும் கிருஷ்ணகிரியையும் உள்ளடக்கிய நம் பாராமகால்.

மலபாரில் மிளகு இருந்தது, குடகில் காடு இருந்தது. பாராமகாலில் என்ன இருந்தது? ராகி விளையும் செம்மண், பாறைக் குன்றுகள், கோடையில் வற்றிவிடும் ஏரிகள், போரில் பாழான ஊர்கள். கார்ன்வாலிஸ் இதைக் கேட்டு வாங்கியது விளைச்சலுக்காக அல்ல, வழிக்காக. மைசூரிலிருந்து, அன்று கர்நாடகம் எனப்பட்ட கிழக்குச் சமவெளிக்கு இறங்கும் கணவாய்கள் பலவும் இங்கேதான் வாய் திறந்தன. இந்த இதழில் தருமபுரிக்கு வருவோம். வழியில் கிடந்த இந்த ஊர், கச்சேரி வைத்து ஆளும் ஊராக மாறத் தொடங்கியது அந்த ஆண்டில்தான்.

பெங்களூரில் பேருந்து ஏறிச் சேலம் போகிறவர்கள் பெரும்பாலும் தருமபுரியில் இறங்குவதில்லை. ஆனால் ஊர் எப்படி அமைந்திருக்கிறது என்பதை அந்தப் பயணமே சொல்லிவிடும். ஓசூர் கடல் மட்டத்துக்கு மேல் 900 மீட்டரை ஒட்டிய உயரத்தில் இருக்கிறது. சூளகிரிக்கு அப்பால் இறங்கும் சாலை கிருஷ்ணகிரியில் 500 மீட்டர் அளவுக்கு வந்து நிற்கிறது. காவேரிப்பட்டணம், காரிமங்கலம், தருமபுரி என்று ஐம்பது கிலோமீட்டருக்குப் பெரிய ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. தெற்கே தொப்பூரில் மறுபடி சரிவு. லாரி ஓட்டுகிறவர்கள் பெயரைக் கேட்டாலே கியரைக் குறைக்கும் சரிவு அது. ஓமலூர் வரும்போது 300 மீட்டருக்குப் பக்கத்தில் இருப்போம். மைசூர்ப் பீடபூமிக்கும் சேலத்துச் சமவெளிக்கும் நடுவில் கிடக்கும் அகலமான ஒரு படி என்று இந்த நிலத்தைச் சொல்லலாம். தருமபுரி அந்தப் படியின் கீழ் விளிம்பில், சுமார் 460 மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

படிக்கு இருபுறமும் மலைதான். கிழக்கே வத்தல்மலையும் சேர்வராயன் தொடரும், அவற்றுக்கு அப்பால் சித்தேரி மலையும். மேற்கே பென்னாகரம் மேடு, அதைத் தாண்டினால் காவிரி குடைந்த பள்ளம். கிழக்குப் பகுதியில் பெய்யும் மழை வாணியாறு போன்ற சிற்றாறுகளில் சேர்ந்து தென்பெண்ணைக்குப் போகிறது. மேற்கே பெய்வது சின்னாறு, நாகாவதி, தொப்பையாறு வழியாகக் காவிரிக்கு. இரண்டு பெரிய ஆறுகளுக்கும் தண்ணீர் அனுப்பும் சீமைக்கு நடுவில் இருக்கிறது தருமபுரி நகரம். அதற்கென்று வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. ஆண்டு மழை சராசரியாக 850 முதல் 900 மில்லிமீட்டர் வரை. மோசமில்லை என்று தோன்றும். ஆனால் சரிவு நிலத்தில் விழும் மழை நின்று பேசுவதில்லை. ஏரி வெட்டிப் பிடித்தால்தான் உண்டு. ராமக்காள் ஏரி, இலக்கியம்பட்டி ஏரி என்று ஊரைச் சுற்றிப் பழைய ஏரிகள் இருப்பதற்கு இதுதான் காரணம்.

இந்த அமைப்பை மனத்தில் வைத்துக்கொண்டால் ஊரின் பழைய கதை குழப்பமில்லாமல் புரியும். மேலே இருப்பவன் கீழே இறங்குவதற்கும், கீழே இருப்பவன் மேலே ஏறுவதற்கும் இந்தப் படியில் கால் வைத்தாக வேண்டும். தகடூர் என்ற பெயரில் இதை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியையும் அவ்வையையும் முந்தைய இதழ்களில் விரிவாகவே பார்த்தோம். அவன்மேல் படையெடுத்த பெருஞ்சேரல் இரும்பொறை கீழே கொங்குப் பக்கத்திலிருந்து ஏறி வந்தவன். தகடூரை எறிந்தது அவனுக்கு எவ்வளவு பெரிய வெற்றி என்றால், பெயருக்கு முன்னால் அதையே பட்டமாகச் சேர்த்துக்கொண்டான். அதியமான்கள் அதோடு அழிந்துவிடவில்லை. மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில், ஏறத்தாழ 1200ஆம் ஆண்டை ஒட்டி, விடுகாதழகிய பெருமாள் என்ற அதியமான் தகடூரில் இருந்தான். போளூரை அடுத்த திருமலையில், தன் முன்னோன் எழினி வைத்த இயக்கன், இயக்கி உருவங்களைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டு வெட்டிவைத்தான். ஆயிரம் ஆண்டு தாண்டியும் ஒரு குறுநில மரபு தன் முன்னோரை நினைவில் வைத்திருந்தது தமிழ்நாட்டில் அடிக்கடி காணக்கிடைக்கிற காட்சி இல்லை.

நடுவில் மேலிருந்து இறங்கியவர்கள் நுளம்பர்கள். இன்றைய ஆந்திர எல்லையில் உள்ள ஹேமாவதி அவர்களுடைய தலைநகர். ஒன்பதாம் நூற்றாண்டின் பின்பகுதியில் மகேந்திர நுளம்பன் காலத்தில் தகடூர் அவர்கள் கையில் இருந்தது. தருமபுரிக் கோட்டைப் பகுதியில் இருக்கும் மல்லிகார்ஜுனர் கோயிலும் காமாட்சி அம்மன் கோயிலும் அவர்கள் கலை மரபைக் காட்டுபவை. காமாட்சி சன்னதியின் அடித்தளத்தைச் சுற்றி ராமாயணக் காட்சிகளைச் சிறுசிறு புடைப்புச் சிற்பங்களாகச் செதுக்கியிருக்கிறார்கள். உயரம் ஒரு சாணுக்கு மேல் தேறாது. குனிந்து, நிதானமாக, கூட்டம் இல்லாத நாளில் பார்க்க வேண்டியவை. இன்று வருகிறவர்களில் பாதிப்பேர் மல்லிகார்ஜுனர் கோயிலில் தரையைத் தொடாமல் நிற்பதாகச் சொல்லப்படும் தூணுக்கு அடியில் துணியை விட்டு இழுத்துப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அதே காலத்தில், 893ஆம் ஆண்டில், ஊரில் இருந்த சமணப் பள்ளிக்கு மகேந்திரன் கொடை கொடுத்த செய்தியும் ஒரு தூண் கல்வெட்டில் இருக்கிறது. அந்தப் பள்ளியைக் கட்டியவர்கள் வணிகக் குடும்பத்தார். வணிகர்கள் பள்ளி கட்டுகிற ஊர் என்றால் வழியில் பொதி மாடுகள் போய்வந்துகொண்டிருந்தன என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

சோழர், போசளர், விஜயநகரம், பிஜாப்பூர், மைசூர் என்று அடுத்து வந்தவர்களை வரிசையாகச் சொன்னால் பள்ளிக்கூடப் பாடம் போலாகிவிடும். ஒன்றைச் சொன்னால் போதும். பதினேழாம் நூற்றாண்டில் மைசூர் உடையார்கள் இந்தப் பக்கம் இறங்கிய பிறகு, ஊரில் கன்னடமும் தெலுங்கும் தமிழும் சேர்ந்தே புழங்கலாயின. கடைவீதியில் ஒரே கல்லாவில் மூன்று மொழியிலும் கணக்குப் பேசுகிற வழக்கம் இன்னும் முழுதாகப் போய்விடவில்லை.

போர்க்காலத்துக்கு வருவோம். முதல் மைசூர்ப் போரில் 1768இன் தொடக்கத்தில் கம்பெனியின் கர்னல் வுட் தென்கரைக்கோட்டையைப் பிடித்தார், அடுத்து தருமபுரியைப் பிடித்தார், அப்படியே தெற்கே சேலம், நாமக்கல் என்று போய்விட்டார். கோட்டைக்குக் கோட்டை கொஞ்சம் சிப்பாய்களை விட்டுவிட்டுப் போனதுதான் அவர் செய்த காரியம். அந்த ஆண்டு முடிவதற்குள் திப்புவின் தந்தை ஹைதர் அலி மேலேயிருந்து இறங்கி வந்து, பிடிபட்ட கோட்டைகளை ஒன்றொன்றாகத் திருப்பி எடுத்துக்கொண்டார். பாராமகாலைப் பிடிப்பது எளிது, மேலே மைசூர் எதிரியாக இருக்கும்வரை வைத்துக்கொள்வதுதான் கடினம் என்ற பாடத்தைக் கம்பெனி அப்போது கற்றது. 1791இல் அதனால்தான் வேறு வழியைப் பிடித்தார்கள். முதலில் மேலே ராயக்கோட்டை, பிறகு மற்றவை. அந்த ஆண்டின் பிற்பகுதியில் மேக்ஸ்வெல் என்ற கம்பெனித் தளபதியின் படை பென்னாகரம் கோட்டையைத் தாக்கிப் பிடித்தது. அந்தக் கதைக்குத் தனி இதழ் வேண்டும்.

இப்போது 1792. நாடு கைக்கு வந்துவிட்டது, ஆள்வதற்கு ஆள் வேண்டும். சென்னையில் கம்பெனிக்குச் சிவில் அதிகாரிகள் இருந்தார்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலோருக்கு நாட்டு மொழி தெரியாது. மொழிபெயர்ப்பாளனான துபாஷி சொன்னதே அவர்களுக்கு வேதம். துபாஷி எழுதியதே கணக்கு. கார்ன்வாலிஸுக்கு இது பிடிக்கவில்லை. சிவிலியன்களை ஒதுக்கிவிட்டு, மொழி தெரிந்த ராணுவக்காரர் ஒருவரைத் தேர்ந்தெடுத்தார். அவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீட். அவருக்கு உதவியாக மூவர்: கிரஹாம், மக்லவுட், மன்றோ. ரீட் திருப்பத்தூரில் இருந்துகொண்டார். நாட்டை மூன்றாகப் பிரித்து வடக்கைக் கிரஹாமிடமும் தெற்கைச் சேலம் பக்கத்தோடு மக்லவுடிடமும் ஒப்படைத்தார். நடுப்பகுதி தாமஸ் மன்றோவுக்கு. அவர் தங்கிய இடம் தருமபுரி.

மன்றோவுக்கு அப்போது 31 வயது. கிளாஸ்கோவில் பிறந்தவர். 1780இல், ஹைதர் கர்நாடகத்துக்குள் புகுந்த அதே ஆண்டில், சாதாரணக் கேடட்டாகச் சென்னையில் வந்து இறங்கினார். பன்னிரண்டு ஆண்டு பாளையத்திலேயே கழிந்தது. பாரசீகமும் இந்துஸ்தானியும் கற்றிருந்தார். ஊர் நிர்வாகம் எதுவும் தெரியாது. தெரியாது என்பது அவருக்கு ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. தெரிந்தவர்கள் ஜமீன்தாரைக் கூப்பிட்டு ஒரு தொகையைப் பேசி முடித்துக்கொள்வார்கள். இவரோ குதிரையில் ஊர் ஊராகப் போய்க் கணக்கரையும் மணியக்காரரையும் குடியானவனையும் உட்காரவைத்துக் கேட்கத் தொடங்கினார்.

ரீட் போட்ட திட்டம் எளிமையானது, வேலைதான் மலைக்கவைப்பது. ஒவ்வொரு வயலையும் சங்கிலி பிடித்து அளக்க வேண்டும். நஞ்சை, புஞ்சை, தோட்டம் என்று தரம் பிரிக்க வேண்டும். மண்ணைப் பார்த்துத் தீர்வை கட்ட வேண்டும். அதை ஊர்த்தலைவனிடமோ குத்தகைக்காரனிடமோ கேட்காமல், உழுகிறவனிடமே நேராக வாங்க வேண்டும். 1792க்குப் பிறகு ஐந்தாறு ஆண்டுகள் பாராமகால் முழுக்கச் சங்கிலிக்காரர்கள் நடந்தார்கள். வருவாய் வாரியம் முதலில் பல ஆண்டுக் குத்தகையையே விரும்பியது. குடியானவர்கள் விரும்பவில்லை. மழை பொய்த்த ஆண்டில் குத்தகைத் தொகையை எங்கிருந்து கட்டுவது? 1796 டிசம்பரில் ரீட் ஒரு விளம்பரம் வெளியிட்டார். நிலத்தை எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், முடியாதபோது விட்டுவிடலாம், எந்த ஆண்டு எந்த வயலை உழுகிறாயோ அதற்கு மட்டும் தீர்வை என்பது அதன் சாரம். ரயத்துவாரி முறைக்கு முதல் வடிவம் இப்படித்தான் இந்த வறண்ட பூமியில் கிடைத்தது.

இதில் ஒரு சிக்கல் உடனே புலப்படும். எவன் எந்த வயலை இந்த ஆண்டு உழுதான், எதை விட்டான் என்பதை ஆண்டுதோறும் உட்கார்ந்து எண்ணியாக வேண்டும். அந்த எண்ணலுக்குப் பெயர்தான் ஜமாபந்தி. தருமபுரி மாவட்டத்துத் தாசில்தார் அலுவலகங்களில் இன்றும் ஆண்டுக்கொருமுறை, வருவாய்க் கணக்காண்டான பசலி முடிவதை ஒட்டிக் கோடையில் ஜமாபந்தி நடக்கிறது. அரசு அதற்கு வருவாய்த் தீர்வாயம் என்று பெயர் வைத்திருக்கிறது. மனு எழுதிக் கொடுக்கிறவர்கள் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. பட்டா மாறுதலுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் அன்று வரிசையில் நிற்கிறவர்களிடம் இது 1790களில் தொடங்கிய சடங்கு என்று சொன்னால், இரண்டு நூற்றாண்டாக இதே வரிசையா என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான்.

ரயத்துவாரியைப் பற்றிப் பெருமையாக எழுதுகிறவர்கள் தீர்வையின் அளவைச் சொல்வதில்லை. பாராமகாலில் ரீட் கட்டிய தீர்வை அதிகம். நிலத்தை அளந்தவர்கள் வறட்சியை அளக்கவில்லை. கிஸ்தி கட்ட வேண்டிய மாதத்தில் ராகி இன்னும் களத்துக்கு வந்திருக்காது. கடனுக்குப் போக வேண்டும். இடைத்தரகனை ஒழித்த முறை வட்டிக்காரனை வளர்த்தது என்று சொல்வது கொஞ்சம் கடுமைதான். ஆனால் அடியோடு பொய் என்று சொல்லிவிட முடியாது. மன்றோவே பிற்காலத்தில் வேறு சீமைகளில் தீர்வையைக் குறைக்க வேண்டும் என்று வாதாடினார்.

மன்றோ இங்கே ஏழாண்டு இருந்தார். ஒரு வீடு, அதைச் சுற்றி அவரே நட்டு வளர்த்த தோட்டம். 1799 மே மாதம் திப்பு போரில் இறந்த பிறகு மைசூரைப் பங்கிடும் வேலைக்கு அழைக்கப்பட்டார், பிறகு மழை கொட்டும் கனராவுக்கு அனுப்பப்பட்டார். அங்கிருந்து எழுதிய கடிதங்களில் தருமபுரித் தோட்டத்தைப் பற்றிய ஏக்கம் தெரிகிறது. பாராமகாலின் காய்ந்த காற்றை நினைத்து ஏங்கிய வெள்ளைக்காரர் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்! பின்னர் கடப்பை, பல்லாரி சீமைகளில் கலெக்டர், 1820இல் சென்னைக்குக் கவர்னர், 1827 ஜூலையில் பத்திகொண்டாவில் காலராவால் மரணம். ராயலசீமையில் பிள்ளைகளுக்கு மன்றோலப்பா என்று பெயர் வைத்தார்கள். சென்னைத் தீவுத்திடல் பக்கம் சேணமும் அங்கவடியும் இல்லாத குதிரைமேல் இன்றும் சிலையாக உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு வேலை கற்றுக்கொடுத்த ரீட்டின் பெயரைச் சொல்ல ஆளில்லை. ரயத்துவாரி என்றால் மன்றோ என்று பாடப்புத்தகம் எழுதுகிறது. முதல் கோடு ரீட் போட்டது. அவர் விட்டுச்சென்ற காகிதங்கள் பாராமகால் ஆவணங்கள் என்ற பெயரில் பின்னாளில் அச்சாயின. சாதி, தொழில், பயிர், வரி, பழக்கவழக்கம் என்று பதினெட்டாம் நூற்றாண்டுத் தருமபுரியைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு அதிலிருந்து வந்தது.

இத்தனை பாடுபட்டு அளந்ததை அவர்கள் போன கையோடு கம்பெனி தூக்கி எறிந்தது. 1802க்குப் பிறகு வங்காளத்து நிரந்தர நிலவரித் திட்டத்தை இங்கேயும் கொண்டுவந்து, ஊர்களைச் சேர்த்து மிட்டாக்களாகக் கட்டி ஏலம் விட்டார்கள். எடுத்தவர்கள் மிட்டாதார் ஆனார்கள். பலர் சில ஆண்டுகளிலேயே தொகை கட்ட முடியாமல் கைவிட்டார்கள். அப்படி விடப்பட்ட மிட்டாக்களில் மறுபடி ரயத்துவாரி வந்தது, மிஞ்சியவை 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டம் வரை ஓடின. மாவட்டக் கச்சேரி சேலத்தில் நிலைகொண்டுவிட்டது. தருமபுரிக்கு ஒரு தாலுகா அலுவலகம் மிஞ்சியது. 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஊரின் மக்கள்தொகை சுமார் 8,000.

அதற்கு முன்பே தாது வருஷம் வந்து போயிருந்தது. 1876இல் மழை பொய்த்துத் தொடங்கிய பஞ்சம் சேலம் மாவட்டத்தை எப்படிப் புரட்டிப்போட்டது என்பதற்கு வருணனை தேவையில்லை, கணக்கெடுப்பே போதும். 1871இல் மாவட்டத்தில் ஏறத்தாழ 19 லட்சத்து 67 ஆயிரம் பேர். 1881இல் 16 லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. செத்தவர்கள் போக, பிழைப்புத் தேடி ஊரை விட்டுப் போனவர்களும் அந்தக் கணக்கில் அடக்கம். தானியம் இல்லாமல் இருந்ததா என்றால், ரயிலில் வந்துகொண்டுதான் இருந்தது. 1860களின் தொடக்கத்திலேயே சென்னையிலிருந்து ஜோலார்பேட்டை வழியாகச் சேலத்துக்கு இருப்புப்பாதை போட்டாகிவிட்டது. ஆனால் அது சமவெளி தேடிப் போன பாதை. மலைத் தொடர்களுக்கு நடுவே கிழக்குப் பள்ளத்தாக்கில் மொரப்பூர், பொம்மிடி என்று போய்விட்டது. ஆயிரம் ஆண்டு வழிப்போக்கர்கள் மிதித்த படியை ரயில் மிதிக்கவே இல்லை. மொரப்பூரில் இறங்கிய மூட்டை தருமபுரிக்கு வர முப்பது கிலோமீட்டர் மாட்டுவண்டிப் பயணம் வேண்டும். பஞ்சத்தில் மனிதனுக்கு முன்னால் சாவது மாடு. தீவனம் இல்லாத மாடு வண்டி இழுக்காது.

பஞ்சக் காப்புப் பாதை என்று ஒரு திட்டம் பிறந்தது இதனால்தான். திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி ஒன்று, மொரப்பூர்–தருமபுரி இன்னொன்று. இரண்டுமே இரண்டரை அடி அகலக் குறுகிய பாதைகள். தருமபுரிக்கு 1906 ஜனவரியில் வண்டி வந்தது. 1913இல் பாதை ஓசூர் வரை நீண்டது. புளி, தோல், விறகு, ராகி எல்லாம் அதில் போயின. லாபம் வந்ததாகச் சொல்ல முடியாது. லாபத்துக்காகப் போட்டதும் இல்லை. இரண்டாம் உலகப்போர் வந்தது, இரும்புக்குத் தேவை வந்தது. 1941இல் ஓட்டத்தை நிறுத்தித் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். 35 ஆண்டு ரயில் பார்த்த ஊர், பிறகு கால் நூற்றாண்டுக்கு மேல் ரயிலே இல்லாமல் இருந்தது. சேலம்–பெங்களூர் பாதை 1960களின் கடைசியில்தான் தருமபுரி வழியாக வந்தது. மொரப்பூர் இணைப்பை மறுபடி போடுவதற்கு அடிக்கல் நாட்டியது 2019 மார்ச்சில். தூரம் சுமார் 36 கிலோமீட்டர். வெள்ளைக்காரன் போட்டதை நாமே பிடுங்கி நாமே கேட்கிறோம் என்று ஊரில் பெரியவர்கள் சொல்வதுண்டு. பிடுங்கியதும் வெள்ளைக்காரன்தான் என்று திருத்தப்போனால் பேச்சு சுவை இழந்துவிடும்.

1965 அக்டோபர் 2. சேலம் மாவட்டத்தைப் பிரித்துத் தருமபுரி மாவட்டம் உருவானது. தருமபுரி, அரூர், கிருஷ்ணகிரி, ஓசூர் எல்லாம் சேர்ந்த பெரிய மாவட்டம். ரீட்டும் மன்றோவும் குதிரையில் சுற்றிய பாராமகாலில் பெரும்பகுதி மறுபடி ஒரே கச்சேரிக்குக் கீழ் வந்தது. தலைநகராகக் கிருஷ்ணகிரிக்கும் தகுதி இருந்தது. மலைக்கோட்டை, சாலைச் சந்திப்பு எல்லாம் அங்கேதான். ஆனால் கச்சேரி தருமபுரிக்கே வந்தது. வரைபடத்தை வைத்துப் பார்த்தால் அரூருக்கும் பென்னாகரத்துக்கும் தருமபுரி கிட்டம், ஓசூருக்குத் தொலைவு. ஓசூர்க்காரர் ஒருவர் ஒரு கையெழுத்துக்காகத் தருமபுரி வந்துபோக ஒரு நாள் பிழைப்பு போய்விடும். 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோது அந்தக் குறை தீர்ந்தது. தருமபுரியிடம் இப்போது இருப்பது சுமார் 4,500 சதுர கிலோமீட்டர், 7 வட்டங்கள். ஓசூரின் தொழிற்சாலைகள் போய்விட்டன. ராகி, மாந்தோப்பு, பாலக்கோட்டுத் தக்காளி, பட்டுக்கூடு அங்காடி, பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போகும் இளைஞர்கள், இவைதான் மிச்சம். 2011 கணக்கெடுப்பில் மாவட்டத்தில் 15 லட்சம் பேர், நகராட்சி எல்லைக்குள் 70,000க்குச் சற்றுக் குறைவு.

கச்சேரி ஊர் என்றால் வரி வாங்கும் மேசை மட்டுமல்ல, வழக்குக் கேட்கும் மேசையும் அங்கேதான். 1992 ஜூன் 20 அன்று அரூர் வட்டம் வாச்சாத்தியில் சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் சேர்ந்து புகுந்தன. மலையாளிப் பழங்குடியினர் வாழும் ஊர். வீடுகள் நொறுக்கப்பட்டன, பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர், அத்தனை பேரும் அரசு ஊழியர்கள். வழக்கு முடிவதற்குள் 54 பேர் இறந்துபோனார்கள். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29இல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023இல் சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. இந்த ஊரில் சொல்லப்பட்ட தீர்ப்புகளில் இதைவிடப் பெரியது எனக்குத் தெரியவில்லை. அந்த 215 பேரில் 5 பேர் வருவாய்த்துறைக்காரர்கள், அதாவது ஜமாபந்தி நடத்தும் துறையைச் சேர்ந்தவர்கள்.

கடைசியாகத் தண்ணீர். தருமபுரி நகரத்துக்கு மேற்கே 46 கிலோமீட்டரில் ஒகேனக்கல். காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழைந்து அருவியாக விழும் இடம். வெள்ளக் காலத்தில் அருவி எது ஆறு எது என்று தெரியாத அளவுக்குத் தண்ணீர். ஆனால் அது 250 மீட்டர் உயரத்தில் ஓடுகிறது, ஊர் 460இல் இருக்கிறது. மன்றோ காலத்திலும் அதியமான் காலத்திலும் இந்த 200 மீட்டர் வித்தியாசத்தைக் கடக்க வழி இல்லை. கிணறு தோண்டினார்கள், பிறகு ஆழ்துளை போட்டார்கள். பாறைக்கு அடியிலிருந்து வந்த தண்ணீரில் ஃபுளோரைடு இருந்தது. பல் கறைபட்டது, மூட்டு இறுகியது, முதுகு வளைந்தது. நாற்பது வயதில் கைத்தடி ஊன்றியவர்கள் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் அபூர்வம் இல்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008 பிப்ரவரியில் முதல்வர் கருணாநிதி அடிக்கல் நாட்டினார், 2013 மே மாதம் முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்தார். ஜப்பானியக் கடனுதவியோடு செலவு சுமார் 1,928 கோடி ரூபாய். கர்நாடகத்தில் எதிர்ப்பும் பேருந்து மறிப்பும் நடந்த கதை பலருக்கு நினைவிருக்கும். காவிரித் தண்ணீரை மோட்டார் வைத்து ஏற்றி, பென்னாகரம் மேட்டைத் தாண்டவைத்து, தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களுக்கும் பிரித்து அனுப்புகிறார்கள். குழாயில் வாரத்துக்கு எத்தனை நாள் வருகிறது என்பது தெருவுக்குத் தெரு மாறும் விஷயம்.

குழாய் ஏறும் அந்தப் பென்னாகரம் மேட்டுக்கு அடுத்த இதழில் போவோம். 1791இல் மேக்ஸ்வெல் பிடித்த கோட்டையிலிருந்து தொடங்கி, பாப்பாரப்பட்டியில் பாரதமாதாவுக்குக் கோயில் எழுப்ப நினைத்து, 1925இல் அங்கேயே கண்ணை மூடிய சுப்பிரமணிய சிவா வரை.

(தொடரும்)